ஒரே கறுப்பில் இரண்டு ரகம்

காலையில் கடை திறந்ததும் கடைக்காரர் செய்கிற முதல் வேலை, மேசைக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போடுவது. நின்றுகொண்டிருக்கிற ஆள் எந்த நேரமும் எதிர்க்கடைக்குப் போய்விடலாம். உட்கார்ந்துவிட்டவர் எழுந்திருக்க ஒரு காரணம் தேட வேண்டும். அந்தக் காரணத்தை அவர் தேடி முடிப்பதற்குள் பொருளைக் கட்டிக் கையில் கொடுத்துவிடலாம் என்பது கடைக்காரருடைய முப்பது வருட அனுபவம்.

வண்டிகளுக்கு வேண்டிய தார்ப்பாய், கயிறு, சங்கிலி, ஜாக்கி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை என்று கூரைவரை அடைத்துவைத்த கடை அது. எதையும் அவர் எடை போட்டுப் பார்த்ததில்லை. ஒரு தடவை கையில் தூக்குவார், இவ்வளவு என்பார், சரியாக இருக்கும். தெருவில் அவருக்குத் தராசு என்றே பெயர். கூப்பிடுகிறவர்களும் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள், அவரும் மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அன்று முக்காலியில் உட்கார்ந்தது அறுபதைத் தாண்டிய ஒரு தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. தொழிலை விட்டு ஒரு வருடமாகிறதாம், நாடாவை மட்டும் கழற்ற மனம் வரவில்லையாம். அவருடைய கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு பேருமாகச் சேர்ந்து பழைய வீட்டு வண்டி ஒன்றை வாங்கியிருந்தார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. அது அப்போது கடை வாசலில் பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவரான கணவர் இறங்காமல் உட்கார்ந்து, பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களுக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

தையல்காரம்மா வந்த காரியத்தைச் சொன்னார். இந்த மாதிரி வண்டி சாய்ந்து நின்றால் படுத்தவர் உருள்வார், அடுப்பில் வைத்த பாத்திரம் நழுவும். அதனால் நிறுத்தின இடத்தில் நான்கு மூலையிலும் ஜாக்கி இறக்கி மட்டம் பார்க்க வேண்டும். கெட்டித் தரையென்றால் பிரச்சினையில்லை. அவர்கள் இந்தத் தடவை தங்கப் போவது ஏரிக்கரையில். அங்கே மண் பொதபொதவென்று இருக்கும். போன தடவை ஜாக்கியின் கால், துணியில் ஊசி இறங்குவது போலச் சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. அதற்குக் கீழே வைக்க நல்ல பலகையாக நான்கு வேண்டும்.

கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். இளகின மண்ணென்றால் பலகை அகலமாக இருக்க வேண்டும், பாரம் பரவினால்தான் மண் தாங்கும் என்றார். கனமாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் வளைந்து பாரம் ஒரே இடத்துக்கு வந்துவிடும் என்றார். மரப்பலகை ஈரத்தில் ஊறும், அதை வாங்க வேண்டாம் என்று தானே தன் மரப்பலகையைக் குறை சொல்லி ஓரம் தள்ளினார். கடைசியில் கறுப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த, கயிற்றுப் பிடி வைத்த பலகை ஒன்றை எடுத்து தையல்காரம்மாவின் மடியிலேயே வைத்தார். இவ்வளவும் உண்மை. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

பிறகு தையல்காரம்மா பேரம் பேச ஆரம்பித்தார்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பேசினார். பலகையின் ஓரத்தை விரலால் தேய்த்து, வார்ப்பு சரியில்லை என்றார். நாலு வாங்குகிறவரும் ஒன்று வாங்குகிறவரும் ஒன்றா என்று கேட்டார். எழுந்தார், வாசல்வரை போனார், கணவரோடு கண்ணாலேயே ஏதோ பேசிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். கடைக்காரருக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. நல்ல ஆட்டக்காரருக்கு எதிரில் நல்ல ஆட்டக்காரர் உட்கார்ந்தால் வருகிற சந்தோஷம் அது. தலையில் அடித்துக்கொண்டு, "உங்ககிட்ட தோத்தேன்கா. எடுத்துக்கோங்க" என்று விலையை இறக்கினார். இறக்கிவிட்டு, புதுசாக நான்கு எடுத்துவருகிறேன் என்று பின்னறைக்குப் போனார்.

பின்னறையில்தான் அந்தக் கடையின் ரகசியம் இருந்தது. வலது சுவரோரம் ஒரு வரிசை, இடது சுவரோரம் ஒரு வரிசை. இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே அளவு, ஒரே கயிற்றுப் பிடி. வலது பக்கம் இருந்தவை கெட்டியாக வார்த்த பலகைகள். இடது பக்கம் இருந்தவை மேலே தோல் போல மெல்லிய பிளாஸ்டிக், உள்ளே கல்தூள். எடைகூட ஒன்றாக இருக்கும்படி கேட்டு வாங்கினவர் அவர்தான். கேட்ட விலை கொடுப்பவருக்கு வலது பக்கம், பேரம் பேசுபவருக்கு இடது பக்கம். விலையைக் குறைக்கிற மாதிரித் தெரிய வேண்டும், தன் பங்கும் குறையக் கூடாது. இதற்கு அவரிடம் ஒரு நியாயமும் இருந்தது. பேரம் பேசுகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவது பேரத்தைத்தான், பொருளை யார் பார்க்கிறார்கள்?

மூன்று வருடமாக ஒரு புகாரும் வந்ததில்லை. வாங்கினவர்களில் பெரும்பாலோர் சிமெண்டுத் தரையில் நிறுத்துகிறவர்கள். அங்கே பழைய புத்தகத்தை வைத்தாலும் தாங்கும்.

இடது பக்கம் குனியும்போது, "ஏரிக்கரை" என்ற வார்த்தை அவர் காதில் ஒரு தடவை ஒலிக்கத்தான் செய்தது. கை ஒரு கணம் நின்றது. அதற்குள், ஒண்ணும் ஆகாது என்று வழக்கமாக வாடிக்கையாளருக்குச் சொல்வதைத் தனக்கே சொல்லிக்கொண்டு நான்கையும் தூக்கிவிட்டார். அவற்றை வண்டியில் ஏற்றியும் கொடுத்தார். ஏதாவது சந்தேகம் என்றால் ஒரு போன் போடுங்கள் என்று நம்பரும் எழுதிக் கொடுத்தார்.

அன்று ராத்திரி நல்ல மழை.

மறுநாள் பதினோரு மணிக்கு, ஒருவருக்குக் கயிறு அளந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு அளந்தார்.

"தம்பி, நான்தான். நேத்து பலகை வாங்கினேனே" என்றது குரல். "பின்னாடி இடது பக்கத்துப் பலகை காலையிலிருந்து ஒரு மாதிரி முனகுது. இவரு வண்டிக்கு அடியில படுத்து தண்ணிக் குழாயை மாத்திக்கிட்டிருக்காரு. வெளிய வந்துடட்டுமான்னு கேக்கறாரு."

விற்ற பொருளைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. அது கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிச் சம்பந்தி வீட்டில் குறை சொல்வது போல. இது அவர் ரத்தத்தில் ஊறின பாடம். மூளை விழித்துக்கொள்வதற்குள் வாய் வேலையை முடித்துவிட்டது.

"புதுப் பலகை அப்படித்தான்கா. மண்ணுல உக்காரும்போது சத்தம் வரும். ஒண்ணும் ஆகாது."

"அதானே, நீ சொன்னா சரி" என்றார் தையல்காரம்மா. பிறகு தூரத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது. "ஏங்க, ஒண்ணுமில்லையாம். நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க."

போன் நின்றது.

கடைக்காரர் ஏழாவது முழமோ எட்டாவது முழமோ அளந்துகொண்டிருந்தார். எது என்று மறந்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து அளந்தார். மூன்றாவது முழத்தில் கை நின்றுவிட்டது. போனை எடுத்து அதே எண்ணுக்குக் கூப்பிட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்னொரு தடவை, அப்படியே.

கடையின் மறுகோடியில் அவருடைய மனைவி திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். புருஷனின் முகத்தைப் பார்க்காமலே அவர் மனசைப் படிக்கிற ஆள்.

"போன்ல யாரு?"

சொன்னார்.

"அடியில ஆள் இருக்குன்னா சொன்னாங்க?"

"ஆமா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். மனைவி திருகாணிகளை அப்படியே கொட்டிவிட்டு எழுந்தார். கயிறு வாங்க வந்தவரிடம் இன்றைக்குக் கடை இல்லை என்றார். அந்த மனிதர், கடை இங்கேதானே இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லப் பார்த்து, அந்த அம்மாளின் முகத்தைக் கண்டதும் பாதிக் கயிறோடு நகர்ந்துவிட்டார். கடைக்காரர் வேனை எடுத்துவந்து வாசலில் நிறுத்துவதற்குள், மனைவி பின்னறையிலிருந்து ஆறு பலகைகளையும் ஒரு பெரிய ஜாக்கியையும் இழுத்துவந்து பின்னால் போட்டிருந்தார்.

ஏரிக்கரைக்கு நாற்பது நிமிடப் பாதை. மழைக்குப் பிறகு எல்லா வண்டியும் நத்தையாக ஊர்ந்தது. மனைவி ஒரு கையால் தையல்காரம்மாவின் எண்ணை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஆம்புலன்ஸுக்கும் சொன்னார். இருக்கிற ஒரு வண்டி நகரத்தின் மறுபக்கம் போயிருக்கிறதாம், வரும், ஆனால் நேரமாகுமாம். என்ன ஆச்சு என்று அங்கே கேட்டார்கள். இன்னும் ஆகவில்லை, ஆகப்போகிறது என்று சொல்ல வேண்டியிருந்தது.

கடைக்காரர் சாமியோடு பேரத்தில் இறங்கியிருந்தார். அந்த ஆள் வெளியே வந்திருந்தால் போதும், இடது வரிசையை இன்றே தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்று ஆரம்பித்தார். பதில் இல்லை. விற்றதையெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றார். அதற்கும் பதில் இல்லை. கடையையே மூடிவிடுகிறேன் என்றார். பேசப் பேச எதிராளி இறங்கி வருவதுதான் அவர் பார்த்த உலகம். கேட்காமலே தன் விலையைத் தானே ஏற்றிக்கொண்டு போவது அவருக்கு அதுதான் முதல் தடவை. எதிரில் இருந்தவரோ முக்காலியில் உட்காரவே இல்லை.

பாதி வழியில் ஒரு நினைப்பு வந்து அவரைக் குத்தியது.

"எந்தப் பக்கத்துப் பலகையை எடுத்தே?"

மனைவி போனிலிருந்து நிமிர்ந்தார். "எந்தப் பக்கம்னா? ராத்திரி கூரை ஒழுகி ரெண்டு சுவரும் நனைஞ்சு போச்சு. காலையில எல்லாத்தையும் நடுவுல இழுத்து ஒண்ணா அடுக்கினேன். கைக்கு வந்ததை எடுத்தேன். உங்களுக்குத் தெரியாதா? ஒரு தடவை தூக்கிப் பார்த்தா சொல்லிட மாட்டீங்களா?"

"தெரியாது."

"என்ன தெரியாது?"

"தூக்கினா தெரியாது. தெரியக் கூடாதுன்னுதானே கேட்டு வாங்கினேன்."

மனைவி திரும்பிப் பார்த்தார். பின்னால் பலகைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கடகடவென்றன. ஆறும் ஒரே சத்தமாகத்தான் இடித்தன.

"ஊரை ஏமாத்தறீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் அந்த அம்மாள். "தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன், அது என் பாவம். உங்களையே ஏமாத்திக்கிட்டீங்கன்னு இப்பத்தான் தெரியுது."

ஏரிக்கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. புல்லுக்கு மேல் தண்ணீர் மினுங்கியது. வீட்டு வண்டி தூரத்திலேயே தெரிந்தது. ஜன்னலில் பூப்போட்ட திரைச்சீலை, தையல்காரம்மா தைத்ததாகத்தான் இருக்கும். வண்டி நேராக நிற்கவில்லை. பின்பக்க இடது மூலை, ஒரு முழங்கால் மடங்கின மாடு போலத் தணிந்திருந்தது.

அந்தப் பக்கத்தில் இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு காலில் செருப்பு இல்லை.

கடைக்காரருக்கு வேனை நிறுத்தினது நினைவில்லை. ஓடினார். சேறு கணுக்கால்வரை பிடித்து இழுத்தது. பக்கத்தில் போனபோதுதான் அந்தக் கால் விரல்கள் அசைவதைப் பார்த்தார். தையல்காரம்மா வண்டிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தார். கையில் ஒரு கரண்டி. கணவரின் தோளுக்கு அடியிலிருந்து சேற்றைத் தோண்டித் தோண்டி வெளியே எறிந்துகொண்டிருந்தார். போன் வண்டிக்குள் அடுப்பு மேடையில் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கக் கை இல்லை, வண்டிக்குள் ஏறவும் பயம்.

நடந்தது இதுதான். பலகை நடுவில் பிளந்து, ஜாக்கியின் கால் அதைத் துளைத்துக்கொண்டு மண்ணில் இறங்கிவிட்டது. வண்டியின் அடியில் இருக்கிற இரும்புச் சட்டம் டிரைவரின் மார்பில் வந்து உட்கார்ந்தது. தரை கெட்டியாக இருந்திருந்தால் அந்த நிமிடமே முடிந்திருக்கும். மண் இளகியிருந்ததால் அவரும் கொஞ்சம் உள்ளே போனார். ஆனால் ஜாக்கி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. நூல் நூலாக.

தையல்காரம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபத்தை எதிர்பார்த்து வந்தவருக்கு, அங்கே இருந்தது அதைவிட மோசமாக இருந்தது. நிம்மதி.

"வந்துட்டியா தம்பி. வேற பலகை கொண்டாந்தியா? கடவுள்தான் உன்னை அனுப்பிச்சாரு."

அடியிலிருந்து டிரைவரின் குரல் மெல்லிசாக வந்தது. "அவசரப்படாதீங்க. மெதுவா. எனக்கு ஒண்ணும் அவசர வேலை இல்ல." சொல்லி முடிக்க மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

செய்ய வேண்டியது கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். கொண்டுவந்த ஜாக்கியைச் சட்டத்துக்கு அடியில் வைத்துத் தூக்க வேண்டும். இந்தச் சேற்றில் ஜாக்கி நிற்க வேண்டுமென்றால் கீழே பலகை வேண்டும். கெட்டிப் பலகையாக இருந்தால் வண்டி எழும்பும், ஆள் வெளியே வருவார். கல்தூள் பலகையாக இருந்தால் பாதி தூக்கும்போது அதுவும் பிளக்கும். மேலே போன பாரம் மொத்தமும் ஒரே அடியாகக் கீழே வரும். இரண்டாவது தடவைக்கு மண் இடம் கொடுக்காது.

ஆறு பலகைகளையும் மனைவி கரையில் இறக்கிப் போட்டிருந்தார். ஆறும் ஒரே கறுப்பு. அவர் ஒன்றைக் கையில் தூக்கினார். இன்னொன்றைத் தூக்கினார். முப்பது வருடமாகப் பொய் சொல்லாத கைகள் அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை.

வேனிலிருந்து சுத்தியலை எடுத்துவந்தார். பாதையோரத்தில் ஒரு பாறாங்கல் இருந்தது. முதல் பலகையின் மூலையை அதன் மேல் சாய்த்து ஓங்கி அடித்தார். தோல் கிழிந்து சாம்பல் நிறத் தூள் பொலபொலவென்று கொட்டியது. ஈரத்தில் விழுந்து கஞ்சியாகக் கரைந்தது.

இரண்டாவதை வைத்து அடித்தார். அதுவும் கொட்டியது.

தையல்காரம்மா தோண்டுவதை நிறுத்திவிட்டார். "தம்பி, என்ன பண்றே?"

"நல்லது எதுன்னு பாக்கறேன்கா."

"நீ வித்தது தானே? உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா."

அந்த அம்மாளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கொட்டிக்கிடந்த தூளைப் பார்த்தார், ஜாக்கிக்கு அடியில் பிளந்துகிடந்த பலகையைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார். திரும்பவும் கரண்டியை எடுத்துக்கொண்டார். திட்டியிருக்கலாம். திட்டுவதற்குச் செலவழிக்க அவரிடம் மூச்சு இல்லை.

மூன்றாவது பலகையில் சுத்தியல் டங்கென்று எகிறி மணிக்கட்டைச் சுளுக்கியது. அந்த வலி அவருக்குத் தேன் போல இருந்தது. நான்காவது கொட்டியது. ஐந்தாவதும் கொட்டியது. ஆறாவது நின்றது. ஆறுக்கு இரண்டு. அந்த இரண்டையும்கூட அவர் நம்பவில்லை. திருப்பிப் போட்டு நடுவில் அடித்தார், மறு மூலையில் அடித்தார், தன் சரக்கின் மேல் ஜென்மப் பகை உள்ளவன் போல அடித்தார். அவை அசையவில்லை.

பலகையைச் சட்டத்துக்கு நேர் கீழே வைக்க வேண்டுமென்றால் ஆள் பாதி உடம்பு உள்ளே போக வேண்டும். தலையும் ஒரு தோளும் வண்டிக்கு அடியில் நுழைந்தபோது, அவருக்கு மேலே இரும்பு முனகியது. போனில் தையல்காரம்மா சொன்ன அதே முனகல். காதோடு கேட்கும்போதுதான் தெரிந்தது, அது பொருள் மண்ணில் உட்காருகிற சத்தமே இல்லை என்று. வெளியே மனைவி அவருடைய கணுக்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தார். இழுத்தால் காப்பாற்ற முடியாது என்று அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். ஆனாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு முழத்துக்குள் டிரைவரின் முகம். சேறு அப்பி, உதடு நீலம் பாய்ந்து, கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"சுத்தியல் சத்தம் கேட்டுச்சு" என்றார் டிரைவர். "இது எத்தனாவது?"

"மூணாவது ஐயா. இது கெட்டி."

"நீங்க சொல்றதை நம்பலாமா?"

கடைக்காரர் ஜாக்கியைப் பலகையின் மேல் நிமிர்த்தி வைத்தார். அது ஒரு தடவை சரிந்தது, மறுபடி வைத்தார். "நம்ப வேணாம் ஐயா. நானும் இங்கேயே படுத்திருக்கேன். இது போச்சுன்னா ரெண்டு பேர் மேலயும்தான் விழும்."

டிரைவர் கண்ணை மூடித் திறந்தார். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினார்.

முதல் பத்து அழுத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பலகை மண்ணை நெரித்துக்கொண்டு ஒரு விரல் கீழே போனது. அவருக்கு மூத்திரம் முட்டியது. பதினோராவது அழுத்தில் கைப்பிடி கெட்டியானது. இரும்பு அழுதது. எங்கோ பாத்திரம் ஒன்று உருண்டது. ஒரு நூல், இன்னொரு நூல். பலகையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு அழுத்தினார், அதில் ஒரு கீறல் விழுந்தாலும் கத்திவிடலாம் என்று. டிரைவர் திடீரென்று நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார். தண்ணீருக்குள்ளிருந்து வந்தவன் இழுக்கிற மூச்சு. அந்தச் சத்தம் கேட்டதும் வெளியே இரண்டு பெண்களும் சொல்லிவைத்தாற்போல அந்தக் கால்களைப் பிடித்து இழுத்தார்கள்.

சேறு அவரை விடமாட்டேன் என்று ஒரு தடவை உறிஞ்சியது. பிறகு விட்டுவிட்டது.

கடைக்காரர் தானாக ஊர்ந்து வெளியே வந்து புல்லில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வர இன்னும் கால் மணி நேரமானது. வந்தவர்கள் டிரைவரைத் தொட்டுப் பார்த்து, மூன்று விலா எலும்பாவது போயிருக்கும், உயிருக்குப் பயமில்லை என்றார்கள். படுக்கையில் ஏற்றும்போது டிரைவர், வண்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்ளும்படி மனைவியிடம் சொன்னார். முப்பது வருடம் பஸ் ஓட்டினவர்.

தையல்காரம்மா ஆம்புலன்ஸில் ஏறுமுன் திரும்பி வந்தார். உடைந்த பலகையின் தோல் ஒன்றைக் குனிந்து எடுத்து, துணிக்கடையில் துணி பார்ப்பது போல இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். பிறகு, "நேத்து நான் விலையை வெட்டினேன். அது வாங்க வந்தவ வேலை. கட்டாது, போயிட்டு வாங்கன்னு நீ சொல்லியிருக்கலாம். அது விக்கிறவன் வேலை. விலையைக் குறைக்கச் சொன்னேன் தம்பி. என் வீட்டு ஆளையா குறைக்கச் சொன்னேன்?"

"அக்கா..."

"பலகை உடைஞ்சதுகூட எனக்குப் பெரிசில்ல. போன் பண்ணிக் கேட்டேன் பாரு. அவரு வெளிய வரத்தான் இருந்தாரு. உன் பேச்சைக் கேட்டு நான்தான் உள்ளேயே இருங்கன்னு சொன்னேன். அந்த ஒரு நிமிஷம் நீ உண்மையைச் சொல்லியிருந்தா, உன் பொய் அந்தப் பலகையோட போயிருக்கும்." அந்தத் தோலைக் கடைக்காரர் கையிலேயே வைத்துவிட்டு ஏறிக்கொண்டார். கதவு மூடியது.

கடைக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மனைவி வந்து பக்கத்தில் நின்றார்.

"இடது பக்கத்துச் சரக்கு இதுவரைக்கும் யார் யாருக்குப் போயிருக்கு, உனக்கு நினைவு இருக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

பேரம் பேசினவர்களை மனைவி மறப்பதில்லை. பால் வண்டிக்காரர், பந்தல் போடுகிறவர், நடமாடும் பல் வைத்தியர், கிரேன் வைத்திருக்கிற இரட்டையர்கள் என்று விரல் விட்டுச் சொன்னார். கடைக்காரர் அந்தச் சேற்றிலேயே, வேனின் படியில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும், யாரும் எடுக்காமல் போய்விடுவார்களோ என்று பயந்தார். பால் வண்டிக்காரர் சிரித்தார். பல் வைத்தியர் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். திட்டு முடியும்வரை காத்திருந்து, பலகையைத் தூக்கி எறிந்துவிடுவதாக அவர் வாயால் சொல்ல வைத்த பிறகே கடைக்காரர் போனை வைத்தார்.

ஐந்தாவது ஆள் ஒரு லாரி மெக்கானிக். பின்னணியில் இரும்பு தட்டுகிற சத்தம்.

"அண்ணே, நான் தராசு பேசறேன். என்கிட்ட வாங்கின ஜாக்கி பலகை மேல இப்ப வண்டி நிக்குதா?"

"நிக்குது. ஏன்?"

"அடியில யாராச்சும் இருக்காங்களா?"

"என் மச்சான் இருக்கான். ஏன்யா?"

"முதல்ல அவரை வெளிய வரச் சொல்லுங்கண்ணே. இப்பவே. நான் இருக்கேன், போனை வைக்காதீங்க."

மெக்கானிக் யாரையோ கூப்பிட்டார். இரும்பு தட்டுகிற சத்தம் நின்றது. ஏதோ ஒரு சாமான் தரையில் விழுந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரர் போனைக் காதோடு அழுத்தினார். மனைவி அவர் தோளைப் பற்றிக்கொண்டார்.

"வந்துட்டான்யா, வெளிய வந்துட்டான்" என்று மெக்கானிக் திரும்ப வந்தார். "என்ன ஆச்சு உனக்கு? நல்ல பலகைன்னு சத்தியம் பண்ணி நீதானே வித்தே? வித்த சரக்கை எந்த வியாபாரியாவது தானே கெட்டதுன்னு சொல்லுவானா?"

"பொய்ச் சத்தியம் பண்ணினேன். பேரம் பேசினது உங்க தப்பில்ல, அதுக்காகப் பொருளை மாத்திக் கொடுத்தது என் தப்பு. எதுல வேணாலும் ரெண்டு ரகம் விக்கலாம்ணே. கீழ ஒரு ஆள் படுக்கிற பொருளுக்கு ஒரே ரகம்தான் இருக்கணும். கட்டாத விலைக்குக் கேட்டா இல்லைன்னு சொல்லணுமே தவிர, உயிரைக் குறைச்சுக் கொடுக்கக் கூடாது."

போனை வைத்துவிட்டு, சேறு காய்ந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"அடுத்தது யாரு?"